பச்சைப் பொட்டு எரிந்த பகல்

திண்டுக்கல்,
29.10.2025, புதன்.

அன்பு மகன் பிராங்க்ளினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் உயிரோடும் தெளிந்த புத்தியோடும் இருக்கிறேன், அதற்கு ஆண்டவருக்கு நன்றி. நீயும் பவித்ராவும் டப்ளின் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலைச் செபத்தில் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பதறாதே, கட்டிலில் தலையணையில் சாய்ந்து, பரீட்சை அட்டையை மடியில் வைத்து எழுதுகிறேன். எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், படுத்துக்கொண்டு எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லை. போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று சமாதானம் சொல்லிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இதைக் கடைசிவரை படித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட வேண்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. இங்கே ஐப்பசி மழை நன்றாகப் பிடித்திருக்கிறது, தெருவில் சாக்கடைத் தண்ணீர் ஏறிவிட்டது, நகராட்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பார்த்ததோடு சரி. தக்காளி விலை இறங்கிவிட்டது என்று தள்ளுவண்டி கருப்புசாமி சொன்னான், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குப் போகிற லாரிகள் மழையில் நிற்கின்றனவாம். உன் சித்தப்பா மகள் இசைவாணி வாரம் தவறாமல் வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி வருகிறாள், அவள் பள்ளிக்கூடத்தில் அரைப் பரீட்சை நெருங்குகிறது, விடைத்தாள் கட்டோடுதான் வருகிறாள், என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து திருத்துகிறாள், மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடுகிறாள், நான் கண்டித்தேன். என்னைப் பார்த்துக்கொள்ள இளவேனில் என்று ஒரு நர்ஸ் பெண் பகலில் இருக்கிறாள், சித்தையன்கோட்டைப் பக்கம். வந்த அன்றே பாட்டி என்று கூப்பிட்டாள். நான் மிஸஸ் சவரிமுத்து, உன் பாட்டி உங்கள் வீட்டில் இருப்பார் என்று சொன்னேன். இப்போது சரிங்க மேடம் சரிங்க மேடம் என்கிறாள், பின்னால் திரும்பிச் சிரிக்கிறாள், சிரிக்கட்டும், வேலையில் சுத்தமான பெண்.

இனி எழுத உட்கார்ந்ததற்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னாய். உங்கள் கம்பெனி டிவி பெட்டியில் விளையாட்டுகளைத் தமிழிலேயே பொங்கலுக்குக் கொண்டுவருகிறது, அதோடு நீ உண்டாக்கிய அந்தப் பச்சைப் பொட்டையும் கொண்டுவருகிறது, வயதான தாய் தகப்பன் டிவியில் விளையாடத் தொடங்கினால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் போனில் பொட்டு எரியும் என்று. விளம்பரத்தில் முதலில் வரப்போவது என் முகம்தான் என்றாய். நீ மே மாதம் வந்திருந்தபோது சோபாவில் உட்காரவைத்துப் படம் எடுத்தாயே, என் மகன் பக்கத்து அறையில் இருப்பதுபோலவே இருக்கிறது என்று என்னைச் சொல்லவைத்தாயே, அதுதான். அதன் கீழே ஓட வேண்டிய வரியையும் படித்துக் காட்டினாய். அம்மா விளையாடுகிறார், அம்மா நலம். எப்போது வெளியே வரும் என்று மட்டும் கேட்டேன். உனக்கு அது வித்தியாசமாகப் பட்டிருக்காது. அந்த வரி பொய் என்பதை உன்னிடம் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு ஆடி மாதம் நடந்ததாகச் சொல்லப்பட்ட கதை வேறு. பெரியம்மா பாத்ரூமில் வழுக்கிவிட்டார், உடனே தூக்கிவிட்டோம், இடுப்பில் சின்ன விரிசல், பிளேட் வைத்தாயிற்று, கொஞ்ச நாளில் நடப்பார், நீ இப்போது அலைய வேண்டாம், கிறிஸ்துமஸுக்கு வா என்று இசைவாணி உன்னிடம் சொன்னாள். நான் அப்போது பேசும் நிலையில் இல்லை. அவளைக் கோபிக்காதே, நீ தாங்கமாட்டாய் என்று நினைத்துச் சொன்னாள். நீயும் நம்பினாய், நம்புவது உனக்கும் வசதியாக இருந்தது. உண்மையில் நான் விழுந்தது பாத்ரூமில் இல்லை, ஹாலில், உன் டிவி பெட்டிக்கு முன்னால். உடனே யாரும் தூக்கவும் இல்லை.

அந்தப் பெட்டி வந்த புதிதில் நான் அதை மதிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். ஞாயிறு திருப்பலி பார்க்கவும் செய்தி கேட்கவும் போதும் என்று இருந்தேன். ஒருநாள் காலையில் திறந்தால் படங்களுக்கு நடுவே விளையாட்டுகள் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன, நான் கேட்கவே இல்லை. மிட்டாய் உடைக்கிறது, பலூன் சுடுகிறது எல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கிலீஷ் எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் உண்டாக்கும் விளையாட்டுதான் பிடித்தது, ரிமோட்டில் இருக்கிற நான்கு அம்பும் நடுப் பொத்தானும் போதும். அமெரிக்கக்காரன் எழுத்துக்கூட்டலைத்தான் ஏற்றுக்கொள்கிறது, நான் எழுதுகிற சரியான எழுத்துக்கூட்டலைத் தப்பு என்கிறது, அதோடு சண்டை போட்டுக்கொண்டே விளையாடினேன். தினமும் காலைப் பலகாரம் முடிந்ததும் அது எனக்கு ஒரு வேலை ஆகிவிட்டது. ஒரு சொல்லுக்கு நான் நிறைய நேரம் யோசிப்பேன், அதற்குள் திரையில் மலைப் படமும் ஏரிப் படமும் தானாக வந்து விளையாட்டு மூடிக்கொள்ளும். உன்னிடம் முறையிட்டேன். கொஞ்ச நாளில் நீ அதைச் சரிசெய்தாய், விளையாடுகிறவர் எவ்வளவு நேரம் யோசித்தாலும் விளையாட்டு காத்திருக்கும், மூடாது என்று. நீங்க பண்ணின ஒரு கம்ப்ளெயிண்ட்ல எல்லா ஊருக்கும் மாத்திட்டோம்மா என்று பெருமையாகச் சொன்னாய். நானும் அதைப் பக்கத்து வீட்டு ஹாஃபிஸாவிடம் பெருமையாகச் சொன்னேன். பிறகு, சோதித்துப் பார்க்க என்று முதலில் நம் வீட்டுப் பெட்டியில் பொட்டு வந்தது. பொட்டு வந்தபின் தினமும் காலையில் வந்துகொண்டிருந்த உன் போன் ஞாயிற்றுக்கிழமைப் போன் ஆனது. பொட்டு எரியுதும்மா, நீங்க நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சிடுது, அப்புறம் எதுக்கு தெனமும் தொந்தரவு பண்ணணும் என்றாய். எனக்கு உன் போன் தொந்தரவு என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

நான் விழுந்த அன்று காலையில் ஒரு சொல் பாதியில் நின்றது, தண்ணீர் குடிக்க எழுந்தேன். தரைவிரிப்பின் ஓரத்தில் கால் மடங்கியது. இடுப்பு தரையில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது, அதற்குப் பிறகு இடது காலை அசைக்க முடியவில்லை. போன் சாப்பாட்டு மேசையில் சார்ஜில் கிடந்தது. ரிமோட் சோபாவில். இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், ஆனால் நகர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது, நீ சரிசெய்தபடியே விளையாட்டு மூடாமல் காத்திருந்தது. அந்த விளையாட்டுக்கு ஒரு பாட்டு உண்டு, பியானோ மாதிரி டிங்டிங் என்று முடிந்த இடத்திலேயே திரும்பத் தொடங்கும், எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டியே வைப்பேன், தெருவுக்கே அந்தப் பாட்டு மனப்பாடம். கருப்புசாமி வண்டியோடு வந்தான். கேட்டைத் தட்டினான். நான் கூப்பிட்டேன். அவன் வெளியே நின்று யாரிடமோ, ஆத்தா கேம்ல இருக்கு, இப்பக் கூப்பிட்டா நம்மள வகுந்துரும், அப்பறம் வாரேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. முருங்கைக்காயைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். அதற்குக் காரணம் இருக்கிறது, விளையாடும்போது கூப்பிட்டதற்கு ஒருமுறை அவனை நான் நன்றாகத் திட்டியிருக்கிறேன். பிறகு ஹாஃபிஸா மதியச் சோற்றுக்கு வெஞ்சனமாகக் கறி கொண்டுவந்து பெல் அடித்தாள். அவளும் பாட்டைக் கேட்டாள். செத்த நேரம் நின்றிருப்பாள், பிறகு செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. எனக்குக் கத்துகிற தெம்பு அதற்குள் குறைந்துவிட்டது.

இப்போது எழுதப்போவதை இசைவாணியிடம்கூட நான் சொல்லவில்லை. மதியம் தாண்டியபோது திரையில் உன் பெயர் வந்தது. பிராங்க்ளின் கைதட்டுகிறார் என்று. இரண்டு மஞ்சள் கைகள், பலபேர் கூடிக் கைதட்டுகிற சத்தம். நீ ஆபீசில் உட்கார்ந்து போனைப் பார்த்திருப்பாய், பொட்டு எரிந்திருக்கும், அம்மா இன்னும் விளையாடுகிறார் என்று சந்தோஷப்பட்டுக் கைதட்டும் பொத்தானை அமுக்கியிருப்பாய். நான் தரையில் கன்னத்தை வைத்தபடி அதைப் பார்த்தேன். டிவியைப் பார்த்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். புத்தி கலங்கிக் கூப்பிடவில்லை, அது உனக்குக் கேட்காது என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கைதட்டினாய். அதன் பிறகு பெட்டி தானாகவே எனக்கு ஒரு பரிசு கொடுத்தது. இந்த மாதத்தில் அதிக நேரம் விளையாடிய நாள் இதுதான் என்று எழுதி, திரை முழுக்கக் காகிதப் பூ மாதிரி கொட்டியது.

என்னைக் காப்பாற்றியது மின்வெட்டு. சாயங்காலம் ஆகும்போது கரண்ட் போனது, மின்விசிறி நின்றது, பாட்டு நின்றது. தெருவே அமைதியானது. பக்கத்து வீட்டுக் கொல்லையில் துணி எடுக்க வந்த ஹாஃபிஸாவுக்கு நான் முனகியது அப்போதுதான் கேட்டது. அவள் புருஷன் ஜமால் முகமது கடப்பாரையால் பின்கதவுத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். கதவு திறந்ததும் ஹாஃபிஸா எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு முதலில் தான் மட்டும் உள்ளே வந்தாள். நான் அவ்வளவு நேரம் கிடந்ததில் சேலை நனைந்திருந்தது. அவள் தன் துப்பட்டாவை எடுத்து என் இடுப்பிலிருந்து கால்வரை சுற்றிவிட்டு, அதன் பிறகுதான் ஆண்களை உள்ளே விட்டாள். இதை உனக்கு எழுதுவது எனக்கு எவ்வளவு கூச்சம் என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா படுக்கையில் கிடந்தபோதுகூட நான் அவரை ஒருநாளும் அப்படி யாரும் பார்க்க விட்டதில்லை. ஜமால் முகமது மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, கரண்ட்டு ஆபீஸ்காரன வருசம் பூரா வைவேன்மா, நேத்து ஒருநாள் அவனுக்காகத் துஆ செஞ்சேன் என்றார். கருப்புசாமி வந்து கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டான். வெளையாடுறப்பக் கூப்புடாதன்னு அன்னைக்கு வஞ்சீகள்ல ஆத்தா, அதான் பயந்துட்டேன் என்று அழுதான். எழுந்திரு, தரை சுத்தமில்லை என்று சொன்னேன், வேறு என்ன சொல்வது.

உடம்பைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். விழுந்ததைவிட வெறும் தரையில் தண்ணீர் இல்லாமல் கிடந்ததுதான் என்னைக் கெடுத்தது என்று டாக்டர் சொன்னார். சிறுநீரகம் இரண்டும் தளர்ந்துவிட்டன. அது சரியாக வேண்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள், அதற்குள் முதுகில் படுக்கைப் புண் வந்துவிட்டது, இன்னும் ஆறவில்லை. விழுந்தவுடன் கொண்டுவந்திருந்தால் ஊன்றுகோலோடு நடந்திருப்பீர்கள் என்றார், நல்ல மனிதர், சுற்றிவளைக்காமல் பேசுகிறவர். இனி நடக்கமாட்டேன். முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தவறாமல் போய்க்கொண்டிருந்தவள், இந்த வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், நேர்ந்த ஆட்டை இசைவாணிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். ரத்தத்தில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது, அடுத்த வருஷத் திருவிழாவைப் பற்றி டாக்டரிடம் நான் கேட்கவில்லை, அவரும் பேச்சு எடுக்கவில்லை.

இதை அழவைப்பதற்காக எழுதவில்லை. உன்னைக் குற்றவாளி ஆக்கவும் இல்லை. கருப்புசாமியும் ஹாஃபிஸாவும் ஒரு பாட்டைக் கேட்டு ஏமாந்தார்கள், அது யாருக்கும் நடக்கும். ஆனால் நீ அந்தப் பாட்டை ஒரு வாக்குறுதியாகச் செய்து ஊரில் விற்கப்போகிறாய். திருச்சியிலும் மதுரையிலும் நாகர்கோவிலிலும் தனியாக இருக்கிற தாய்மார்களின் பிள்ளைகள் எல்லோரும் காலையில் போனைப் பார்த்து, அம்மா நலம் என்று படித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். நீ படித்தவன், கெட்டிக்காரன், நாளைக்கே ஒரு திருத்தம் செய்வாய் என்று எனக்குத் தெரியும். பொத்தானை அமுக்கினால்தான் பொட்டு எரியும், அமுக்காவிட்டால் அணைந்துவிடும், ஆபத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் வைப்போம் என்பாய். ஹாஃபிஸாவின் பேரப்பிள்ளைகள் வந்தால் என் ரிமோட்டைத்தான் அமுக்கிக்கொண்டிருப்பார்கள், அப்போதும் என் பெயரில்தான் எரியும். நீ எவ்வளவு திருத்தினாலும், பொட்டு எரிகிறது, கூப்பிட வேண்டியதில்லை என்று நீ நினைத்தாய் பார், அதைத் திருத்த முடியாது. என் வயிற்றில் பிறந்து, என்மேல் பாசமாக இருக்கிற நீயே அப்படி நினைத்தாய் என்றால் மற்றப் பிள்ளைகள் நினைக்கமாட்டார்களா. என்னை அன்று கூப்பிட்டிருந்தால் போன் மேசையில் அடித்துக்கொண்டே இருந்திருக்கும், நான் எடுக்கவில்லை என்று ஜமால் முகமதுவுக்குப் பேசியிருப்பாய், கறி ஆறுவதற்குள் கதவை உடைத்திருப்பார்கள்.

ஆகையால் நான் முடிவு செய்திருப்பதைச் சொல்கிறேன். என் முகம் அந்த விளம்பரத்தில் வரக்கூடாது. மே மாதம் சொன்ன வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என் முகத்தை எடுத்துவிட்டு வேறொரு அம்மாவை உட்காரவைத்தால் போதும் என்று நீ நினைக்கக்கூடாது. உன் மேலதிகாரிகள் முன்னால் நீயே நின்று, ஆடி மாதம் என் அம்மா தரையில் கிடந்த பகல் முழுவதும் பொட்டு எரிந்தது, நான் அதைப் பார்த்து இரண்டு தரம் கைதட்டினேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். விளையாட்டு வேண்டுமானால் வரட்டும், என்னைப்போல் பொழுது போகாதவர்களுக்கு அது நல்லதுதான், நான் அதை வெறுக்கவில்லை. நலம் என்று சொல்கிற அந்தப் பொட்டும் அந்த வரியும் வரக்கூடாது. இதனால் உனக்கு வரவேண்டிய பதவி உயர்வு போகலாம், வேலையே போகலாம், அது தெரியாமல் நான் எழுதவில்லை. நீ அந்த வேலைக்கு எப்படி உழைத்தாய் என்று நான் பார்த்திருக்கிறேன். உன்னால் முடியாவிட்டால் நான் செய்வேன். நடந்ததை முழுவதும் இங்கிலீஷில் தெளிவாக எழுதி, உங்கள் கம்பெனித் தலைமைக்கு முகவரி போட்டு இசைவாணியிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, நவம்பர் 30வரை உனக்கு நேரம். அதற்குள் உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் அவள் அதைத் தபாலில் சேர்ப்பாள், அன்றைக்கு நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேர்க்க வேண்டும் என்று பைபிளின்மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவள் அழுதாள், அண்ணன் என்னை மன்னிக்கமாட்டான் பெரியம்மா என்றாள். அண்ணனை நான் வளர்த்தேன், நீ வளர்க்கவில்லை என்றேன்.

இதைப் படித்ததும் பவித்ராவிடம் மறைக்காமல் சொல், அவள் நிதானமான பெண், உன்னைத் தாங்குவாள். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு யோசி. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, உனக்குச் சிறுவயதிலிருந்தே காதுதான் பலவீனம். டிக்கெட் எடுத்துக்கொண்டு இப்போதே ஓடிவர வேண்டாம், நீ அங்கே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வா, சொல்லாமல் வந்தால் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசப்போகிறாய்.

கர்த்தர் உன் வாய்க்குத் தைரியத்தையும் உன் மனதுக்கு அமைதியையும் தரட்டும். பவித்ராவுக்கும் உனக்கும் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். ஒன்றை மறக்காதே, நீ போன் செய்யும்போது மன்னிப்புக் கேட்க வேண்டாம், விளக்கமும் வேண்டாம். சொன்னாயா இல்லையா என்பதை மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
செபாஸ்தியம்மாள் சவரிமுத்து.